நல்லெண்ணெய் ஊசியும் ஒரு நாளைக்கு 112 ராண்டும்

(தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பேசியது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியபோது, வளவளவென்று போன சில இடங்களைக் குறைத்திருக்கிறேன்.)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் வணக்கம். பின்கட்டில் பிரியாணி அடுப்பில் ஏறிவிட்டது, அது தம்மில் இருக்கும்போதே பேச்சை முடித்துவிடுங்கள் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். முப்பத்தொரு வருடம் மனநல நர்ஸாக இருந்தவள் நான். நேரத்துக்கு வேலையை முடித்து வீட்டுக்குப் போன நாள் குறைவு. பார்ப்போம்.

தமிழில்தான் பேச வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். என் தமிழ், பாட்டியிடம், அதாவது எங்கள் ஆயாவிடம் கேட்டுப் பழகியது. அப்புறம் சாயங்காலத் தமிழ்ப் பள்ளியில் கொஞ்சம் எழுதப் படிக்கக் கற்றேன். மனநோயைப் பற்றி இந்த மொழியில் மேடையேறிப் பேசுவது இதுதான் முதல் தடவை. வேலையெல்லாம் ஆங்கிலத்திலும் இந்த ஊர் சுலு மொழியிலும் நடந்தது. வீட்டில் தமிழில் இதற்கு என்ன சொல் புழங்கியது என்று நேற்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். பைத்தியம். காத்துக் கருப்பு. செய்வினை. அதற்கு மேல் ஞாபகம் வரவில்லை. ஆனால் என் சித்தப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆயா இதில் எதையும் சொல்ல மாட்டாள். "அவனுக்கு மனசு சரியில்லை" என்பாள், அவ்வளவுதான். இத்தனை வருடப் படிப்புக்குப் பிறகும் அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, ஒரு ஊசியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மனச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் சொல்வது உலகத்தில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரும்பாலும் பதின்வயது முடிகிற சமயத்திலோ இருபதுகளிலோ தலைகாட்டும். காதில் குரல் கேட்கும், யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற நினைப்பு வரும். இதெல்லாம் அக்கம்பக்கத்துக்குத் தெரிகிற பகுதி. வீட்டுக்கு மட்டும் தெரிகிற பகுதி வேறு. குளிப்பது, சாப்பிடுவது, நாலு பேரோடு பேசுவது எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோகும். தினமும் மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ நாலு வாரத்துக்கோ ஒரு தடவை போடுகிற ஊசி இருக்கிறது. ஃப்ளூஃபெனசின் டெக்கனோயேட் என்பது அதில் ஒன்று. எங்கள் கிளினிக்கில் அதற்குப் பெயர் மாடிகேட். இந்த மருந்தை எள் எண்ணெயில் கரைத்திருப்பார்கள். ஆமாம், நல்லெண்ணெய் எடுக்கிற அதே எள். ஊசியும் சிரிஞ்சும் துளி ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து கலங்கிவிடும். எண்ணெய் கெட்டியாக இருப்பதால் சிரிஞ்சில் மெதுவாகத்தான் ஏறும். அதன்பின் தோலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து, இடுப்புச் சதையில் ஆழமாகக் குத்தி, நிதானமாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய் வெளியே கசியும்.

ஒரு அம்மா மாதா மாதம் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வருவார். அவருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல், மகனுக்கு நாற்பத்தாறு. இரண்டு டாக்ஸி மாறி வர வேண்டும். கிளினிக் திறப்பதற்கு முன்பே பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் இருக்கும். மகன் பேச மாட்டான், ரொட்டியைச் சுருட்டிக் கையில் கொடுத்தால் சாப்பிடுவான். நான் மருந்து ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மா ஒரு நாள், "எங்க ஆயா இதைத் தலைக்கு வைப்பா, நீ இடுப்புல ஏத்துற" என்றார். அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஒரு மாதம் அவர்கள் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. எங்களிடம் அப்போது நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வண்டியும் கிடையாது, ஆளும் கிடையாது. மூன்றாவது மாதம் போலீஸ் வேனில் அவனை மருத்துவமனையில் கொண்டுவந்து விட்டார்கள். விசாரித்தால், அம்மா இறந்து பத்து வாரம் ஆகியிருந்தது. கருமாதி எல்லாம் முறையாக நடந்திருக்கிறது, உறவுக்காரர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஊசி நாள் எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தேதி எழுதிய கிளினிக் அட்டை அந்த அம்மாவின் கைப்பையில் இருந்தது. கைப்பை அலமாரியில் இருந்தது.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்தக் கைப்பையைப் பற்றித்தான். மற்றதெல்லாம் அதைச் சுற்றி.

நம் அரசாங்கத்துக்கு மனநலக் கொள்கை இருக்கிறது. 2013 முதல் 2020 வரைக்கும் ஒன்று, 2023 முதல் 2030 வரைக்கும் இன்னொன்று. இரண்டிலும் 'சமூகம்' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். மருத்துவமனையில் அடைத்துவைக்காமல் சமூகத்தில் வைத்துப் பராமரிப்பது, சமூகத்தில் மறுவாழ்வு, இப்படி. நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வேலையில் இருந்த காலத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். இந்த மாதிரி ஆவணம் கைக்கு வந்தால், 'சமூகம்' என்கிற இடத்தில் எல்லாம் பென்சிலால் அடித்து மேலே 'அம்மா' என்று எழுதிப் படித்துப் பார்ப்பேன். அம்மாவிடம் வைத்துப் பராமரிப்பது. அம்மாவிடம் மறுவாழ்வு. அர்த்தம் ஒரு இழை மாறாது. சில வீட்டில் அது அக்காவாக இருக்கும், சில வீட்டில் ஆயா. அப்பாவாக இருந்து நான் பார்த்தது ரொம்பக் குறைவு, இங்கே இருக்கும் ஆண்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பழைய காலம் நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. 1860 நவம்பரில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றதிலிருந்து நம் கதை தொடங்குகிறது. கரும்புத் தோட்டத்தில் மனசு உடைந்தவர்கள் எத்தனை பேர்! டர்பன் இருக்கும் இந்த நாட்டால் பகுதியில் ஒப்பந்தக் கூலிகளிடையே தற்கொலை அதிகமாக இருந்தது என்பது பதிவான வரலாறு. 1880இல் மாரிட்ஸ்பர்கில் மனநோயாளிகளுக்கென்று ஒரு காப்பகத்தைக் கட்டினார்கள். டவுன் ஹில் மருத்துவமனையாக இன்றும் அது இருக்கிறது. அப்புறம் இனஒதுக்கல் காலத்தில் கறுப்பின நோயாளிகளை அரசாங்கம் ஒரு தனியார் கம்பெனியிடம் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்து ஒப்படைத்தது. கைவிடப்பட்ட சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் அவர்களை வைத்திருந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1978இல் ஒரு குழுவை அனுப்பிப் பார்த்தது, இங்கே தேவையில்லாத சாவுகள் நடக்கின்றன என்று அறிக்கை எழுதியது. அந்தத் தொழில் பின்னாளில் பெயர் மாறி 'லைஃப் எசிதிமேனி' ஆனது.

சுலு தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயர் புரியும். இசிதிமா என்றால் மரியாதை, கண்ணியம். எசிதிமேனி என்றால் கண்ணியம் உள்ள இடம்.

இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், டிவியில் வந்தது. ஆனாலும் ஒரு தடவை நிதானமாகச் சொல்கிறேன். 2015 அக்டோபரில் கௌதெங் மாகாண சுகாதாரத் துறை இந்த நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அங்கே சுமார் 1,700 பேர் இருந்தார்கள். பல வருடம் இருந்தவர்கள், எழுந்து நடக்க முடியாதவர்கள், வாய் பேசாதவர்கள். துறை சொன்ன காரணம் இரண்டு. ஒன்று, செலவைக் குறைப்பது. இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடாத காரணம்: நோயாளிகளை நிறுவனத்திலிருந்து சமூகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சட்டமும் கொள்கையும் சொல்கின்றன என்றார்கள். நாங்கள் எத்தனையோ வருடம் கேட்டுக்கொண்டிருந்த அதே வாக்கியம்.

குடும்பங்கள் வேண்டாம் என்றன. மருத்துவர்கள் எச்சரித்தார்கள். நீதிமன்றத்துக்கும் போனார்கள். நடக்கவில்லை. 2016இல் நோயாளிகளை 27 தொண்டு நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். ஒன்றுக்குக்கூட முறையான உரிமம் இல்லை என்று பிறகு தெரிந்தது. சிலரைப் பின்பக்கம் திறந்த பக்கி என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சிலரைத் துணியால் கட்டிக் கொண்டுபோனார்கள். கோப்பு கூடப் போகவில்லை, மருந்துச் சீட்டு போகவில்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று குடும்பத்துக்குச் சொல்லவில்லை. அண்ணனைத் தேடி, மகளைத் தேடி ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார்கள். குளிர்காலம் வேறு. பசியிலும் தாகத்திலும் குளிரிலும் செத்தார்கள்.

பணக் கணக்கைக் கேளுங்கள். லைஃப் எசிதிமேனியில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 320 ராண்ட் கொடுத்துவந்தார்கள். தொண்டு நிறுவனத்துக்கு 112 ராண்ட். சாப்பாடு, படுக்கை, துணி துவைப்பது, ராத்திரி முழித்துப் பார்த்துக்கொள்கிற ஆளின் சம்பளம் எல்லாம் அந்த 112க்குள். இங்கே சமையல்கட்டில் நிற்கும் அக்காமார்களைக் கேளுங்கள், படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரை அந்தப் பணத்தில் பார்க்க முடியுமா என்று. ஒரு பாக்கெட் பெரியவர் டயப்பர் என்ன விலை என்று அவர்களுக்குத் தெரியும்.

2016 செப்டம்பரில் மாகாண சட்டமன்றத்தில் சொன்ன கணக்கு: செத்தவர்கள் 36 பேர். சுகாதாரக் குறைதீர்ப்பாளர் பேராசிரியர் மலெகபுரு மக்கோபா 2017 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கையில் 94க்கு மேல் என்று எழுதினார். முன்னாள் துணைத் தலைமை நீதிபதி டிக்கங் மோசெனெகே நடுவராக உட்கார்ந்து விசாரித்து முடித்தபோது 144 ஆகியிருந்தது. 2018 மார்ச்சில் அவர் தீர்ப்பு சொன்னார். அந்த வழக்கில் வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் 12 லட்சம் ராண்ட் கொடுக்கச் சொன்னார். 2024 ஜூலையில் மரண விசாரணை நீதிமன்றம், 9 பேரின் சாவுக்கு அன்றைய மாகாண சுகாதார அமைச்சரும் மனநலத் துறை இயக்குநரும் காரணம் என்றது. எட்டு வருடம் கழித்து, 9 பேருக்கு.

மருத்துவமனைக் கட்டில்களை மூடியதால்தான் செத்தார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இத்தாலியில் திரியெஸ்தே என்று ஒரு ஊர். அங்கேயும் பெரிய மனநோய் மருத்துவமனையை மூடினார்கள், 1980இல். ஆனால் அதற்குச் சில வருடம் முன்பே ஊருக்குள் மனநல நிலையங்களைத் திறந்து, மருத்துவமனை நர்ஸ்களை அங்கே வேலைக்கு மாற்றினார்கள். ஆள் போகும் இடத்துக்குச் சம்பளமும் சமையலும் முன்னாலேயே போய்ச் சேர்ந்தன. கௌதெங்கில் ஆள் மட்டும் போனார்கள்.

தமிழ்நாட்டுக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் உங்களுக்கு ஏர்வாடி ஞாபகம் வரும். 2001 ஆகஸ்ட் 6. தர்காவைச் சுற்றி இருந்த தனியார் காப்பகங்களில் ஒன்றில் தீப்பிடித்தது, கட்டிலோடும் தூணோடும் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த 28 பேர் செத்தார்கள். அங்கேயும் அவர்களைக் கொண்டுபோய் விட்டது கெட்ட குடும்பங்கள் இல்லை. வேறு இடம் இல்லாத குடும்பங்கள்.

எங்கள் சித்தப்பாவுக்குச் சங்கிலி இல்லை. வீட்டுக்குப் பின்னால் அவுட்பில்டிங்கில் ஒரு அறை, வெளிப்பக்கம் தாழ்ப்பாள். ஆயா காலையில் தாழ்ப்பாளைத் திறப்பாள், ராத்திரி போடுவாள். பெண் பார்க்க ஆட்கள் வரும் நாளில் பகலிலும் போடுவாள். இதை மேடையில் சொல்ல எனக்கு அறுபத்து நாலு வயது ஆக வேண்டியிருந்தது.

இப்போதைய சட்டத்துக்கு வருகிறேன். 2002ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம். ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் சேர்க்க வேண்டுமென்றால் குடும்பத்தார் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அது நாலாம் நம்பர் ஃபாரம். தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால் 40ஆம் பிரிவின்படி போலீஸே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பெற்றவர்கள் போன் செய்தால், "அவர் இன்னும் ஒன்றும் செய்யவில்லையே" என்று பதில் சொல்கிற போலீஸ்காரர்களுக்கு இந்தப் பிரிவைப் படித்துக்காட்டுங்கள். மருத்துவமனையில் முதல் 72 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். இதற்காகச் சாதாரணப் பொது மருத்துவமனைகளையும் குறித்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே சிகிச்சை கிடைக்கட்டும் என்பது எண்ணம். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், அந்த 72 மணி நேரம் என்பது பொது வார்டில் தரையில் போட்ட ஒரு மெத்தை. பக்கத்தில் டிபி நோயாளி. ராத்திரி ஷிப்டில் இரண்டு நர்ஸ், மனநலப் பயிற்சி உள்ளவள் நான் ஒருத்தி. மூன்று நாளும் ஊசி போட்டுத் தூங்கவைப்போம். பிறகு கட்டில் இல்லை என்று வீட்டுக்கு அனுப்புவோம். அம்மா வந்து கூட்டிக்கொண்டு போவார்.

இது என் அனுபவம் மட்டும் என்று நினைக்காதீர்கள். நாடு முழுக்க அரசாங்க மனநலச் செலவை எண்ணிப் பார்த்த ஒரு ஆய்வு 2019இல் வந்தது, 2016-17 நிதியாண்டுக் கணக்கு. மொத்த சுகாதாரச் செலவில் மனநலத்துக்கு 5%. அந்த 5%இல் 86% மருத்துவமனையில் படுக்கவைக்கிற செலவுக்கே போய்விடுகிறது. மிச்சத்தில்தான் கிளினிக், வீட்டுச் சந்திப்பு, மறுவாழ்வு எல்லாம். மருத்துவ இன்சூரன்ஸ் இல்லாத மக்களை எடுத்துக்கொண்டால் மூன்று லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. கடைசியாக ஒன்று: மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போனவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்து படுக்கிறார். இப்படித் திரும்பி வருகிறவர்களுக்கு ஆகும் செலவு மட்டும் மொத்த மனநலச் செலவில் 18%. அதாவது, வீட்டுக்குப் போய்ப் பார்க்கக் காசில்லை என்கிறோம். பார்க்காததால் திரும்பி வருகிறவருக்கு அந்தக் காசைச் செலவழிக்கிறோம். அம்மா இறந்து போலீஸ் வேனில் வந்தானே, அவனும் அப்படிப் போய்ப் பார்க்க ஆளில்லாமல் வந்தவன்தான்.

அப்படியென்றால் என்ன செய்தால் பலன் இருக்கிறது? கேப் டவுன் பக்கம் ஸ்டிக்லாண்ட் மருத்துவமனையில் ஒரு சோதனை செய்தார்கள், முடிவு 2010இல் வந்தது. அடிக்கடி வந்து படுக்கிறவர்கள் 60 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை, இன்னொரு பாதியைத் தேடிப் போய்ப் பார்க்க ஒரு குழு. ஊசிக்கு வராவிட்டால் வீட்டுக்குப் போவார்கள், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவார்கள். ஒரு வருடத்தில் அந்தப் பாதிப் பேர் மருத்துவமனைக்கு வந்ததும் குறைவு, இருந்த நாளும் குறைவு. இந்த முறை அமெரிக்காவில் மேடிசன் நகரில் 1970களில் ஆரம்பித்தது. அங்கே குழுவில் மருத்துவர், நர்ஸ், சமூகப் பணியாளர் என்று பட்டாளமே இருக்கும். நம்மால் அது முடியாது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு ஆய்வு சொல்கிறேன், இது நம்ம ஊர்க் கதை.

காஞ்சிபுரம் மாவட்டம். கூடவே கோவா, மகாராஷ்டிரத்தில் சத்தாரா. மூன்று இடத்திலும் சேர்த்து மனச்சிதைவு உள்ள 282 பேர், அவர்களைப் பார்த்துக்கொள்கிற குடும்பத்தார். தமிழ்நாட்டுப் பகுதியை நடத்தியது சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம், 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கியது. வீடு வீடாகப் போனவர்கள் மருத்துவர்கள் இல்லை, பயிற்சி கொடுத்து எடுத்த உள்ளூர்க்காரர்கள். மருந்து ஒழுங்காகப் போகிறதா, குளித்தாரா, சண்டை வந்ததா, வேலைக்குப் போக ஏதாவது வழி இருக்கிறதா என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்கள். 2014இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பிரமாதமான வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். மருத்துவமனை சிகிச்சை மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களுக்கு நோய்க்குறியும் இயலாமையும் ஓரளவு குறைந்தன. ஆனால் மூன்று இடத்தில் தமிழ்நாட்டில்தான் பலன் அதிகம் தெரிந்தது, மற்ற வசதி குறைவான கிராமப்புறத்தில். ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு ஆள் கதவைத் தட்டினாலே எவ்வளவோ மாறுகிறது. நம் நாட்டிலும் வடமேற்கு மாகாணத்தில் உதவிச் சமூகப் பணியாளர்களை வைத்து இப்படிக் குழுக்கள் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். முடியும் என்று தெரிகிறது. அந்த வேலைக்கு மாதச் சம்பளம் யார் கொடுப்பது என்ற இடத்தில்தான் எல்லாம் நிற்கிறது.

அம்மாவே இல்லாதவர்களுக்கு? சென்னையில் தி பேன்யன் என்ற அமைப்பு 1993இலிருந்து தெருவில் விடப்பட்ட மனநோயுள்ள பெண்களைப் பார்த்துக்கொள்கிறது. அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேரைச் சேர்ந்து குடியிருக்கவைத்தார்கள், உதவிக்கு ஒரு ஆள். என்ன குழம்பு வைப்பது என்பதை அந்த வீட்டுக்காரர்களே முடிவு செய்கிறார்கள். ஒரு நர்ஸுக்கு அந்தக் கடைசி விஷயம் பெரிசாகப் பட்டது. எங்கள் வார்டில் முப்பது வருடம் இருந்த ஒருவரிடம், இன்றைக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

கோயிலில் நின்றுகொண்டு கோயிலைப் பற்றிச் சொல்லாமல் இறங்க முடியாது. காவடி நாளில் அருள் வந்து ஆடுகிறவர்களை மனநோயாளி என்று நான் சொல்ல மாட்டேன். அருள் வந்தவர் சாயங்காலம் வீட்டுக்குப் போய் டீ குடிப்பார், திங்கட்கிழமை வேலைக்குப் போவார். திங்கட்கிழமையும் இறங்காமல் இருப்பதுதான் நோய். தமிழ்நாட்டில் ஒரு கிராமத்தில் முத்துசாமி கோயில் என்று இருக்கிறது. மனசு சரியில்லாதவர்கள் அங்கே போய்த் தங்குவார்கள், வீட்டார் ஒருவர் கூட இருப்பார். பூஜை, பிறகு செடிக்குத் தண்ணீர் விடுவது, கூட்டிப் பெருக்குவது. மருந்து இல்லை, மந்திரமும் அடியும் இல்லை. நாலு ஆராய்ச்சியாளர்கள் 31 பேரைக் கவனித்து 2002இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். சராசரி ஆறு வாரத்தில் நோய்க்குறி அளவு சுமார் 20% குறைந்திருந்தது. சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. அதனால் நாளைக்கு மாடிகேட்டை நிறுத்திவிட்டு விபூதி பூசுங்கள் என்று நான் சொன்னதாக யாரும் வெளியே போய்ச் சொல்ல வேண்டாம், பூசாரி ஐயாவும் சேர்த்துத்தான். நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது, அங்கே யாரும் அவர்களைத் திட்டவில்லை, அவர்களுக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது.

கிராண்ட் பற்றியும் கேட்பீர்கள். ஊனமுற்றோர் உதவித்தொகை 2025இல் மாதம் 2,300 ராண்ட் அளவில் வந்தது. பல வீட்டில் அந்த ஒரு வருமானத்தில்தான், முன்பணம் கட்டி வாங்கும் கரண்ட் டோக்கனை வாங்குகிறார்கள். தற்காலிகமாகக் கொடுத்தால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், அப்புறம் மறுபடி விண்ணப்பம், மறுபடி மருத்துவர் கடிதம். ஊசியால் கொஞ்சம் தேறி வருகிறவரைப் பார்த்து, "நீங்கள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்" என்று மருத்துவர் சொன்னால் தொகை நின்றுவிடும். தேறுவதற்கு அபராதம் மாதிரி. பணம் வந்த அன்றே டகா என்கிற கஞ்சா வாங்கவோ சுகர்ஸ் என்கிற போதைப்பொடி வாங்கவோ போய்விடுகிறான் என்று அழுகிற அம்மாக்களும் உண்டு. டகா இந்த நோயைக் கிளறிவிடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குத் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

இன்னொன்று, அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட பத்து முதல் இருபது வருடம் முன்பே சாகிறார்கள். பெரும்பாலும் சர்க்கரை, நெஞ்சு வலி, தொற்றுநோய். நம் சனத்துக்குச் சர்க்கரை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. ஊசிக்குப் போகும்போது சர்க்கரையையும் பிரஷரையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பார்க்க மாட்டார்கள், எனக்குத் தெரியும், நானே பார்க்காமல் அனுப்பியிருக்கிறேன்.

சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். செவ்வாய்க்கிழமை காலையில் இந்த மண்டபம் காலியாக இருக்கிறது. இரண்டு மணி நேரம் கொடுங்கள், டீயும் ஏதாவது பலகாரமும். மனசு சரியில்லாதவர்கள் வரட்டும், வீட்டாரும் வரட்டும். நானும் இன்னொரு ரிட்டையர் ஆன நர்ஸும் இருப்போம். ஊசி நாள் தவறினால் யார் வீட்டுக்குப் போவது என்று ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள், நியாயம்தான். அரசாங்கத்தைக் கேட்கிற கடிதத்தையும் அந்த மேசையிலேயே உட்கார்ந்து எழுதலாம். பிரியாணி தயார் என்று சைகை காட்டுகிறார்கள். நன்றி, வணக்கம்.

(கேள்வி நேரத்தில் இரண்டு பேர் கேட்டார்கள், ஒருவர் மருந்தின் பக்கவிளைவு பற்றி, ஒருவர் செய்வினை பற்றி. சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் பக்கத்தில் வந்தார். ஒன்றும் பேசவில்லை. தட்டை என்னிடம் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கைப்பையைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு அட்டையை எடுத்தார். ஓரம் நைந்து, பிளாஸ்டிக் உறை மஞ்சளாகியிருந்தது. அடுத்த ஊசி 19ஆம் தேதி. "இதை யாருகிட்ட காட்டி வைக்கணும்?" என்றார். மகள் டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கிறாளாம், அவளுக்கு அண்ணனோடு பேச்சு இல்லை. பரிமாறிக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டேன். கரண்டியை வைத்துவிட்டு வந்து, அட்டையின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்தான். "அக்கா நம்பர் சொல்லுங்க ஆயா" என்றான். அந்த அம்மாவுக்கு நம்பர் மனப்பாடமாக இருந்தது. அனுப்பினோம். இரண்டு நீலக் கோடு விழுகிற வரைக்கும் மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.)